எண்ணெய் புகையும் வியாழக்கிழமை

வாப்கெந்த்
10 ஏப்ரல் 1984

என் கண்ணான தங்கை முனவ்வருக்கு,

அக்கா ரிஸோலத் எழுதுவது. நாங்கள் இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் பதில் வர இரண்டு மாதம் ஆகும், அதனால் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். தாஷ்கண்டில் டாக்டர்களுக்குத் தாள் பஞ்சமா, மை பஞ்சமா என்று உன் அத்தான் கேட்கிறார். நான் கேட்கவில்லை, அவர்தான் கேட்கிறார்.

நல்ல செய்தி முதலில். நம் மஸ்தூராவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து ரொட்டி பிட்டோம். மாப்பிள்ளை பேர் அஸ்கர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதிகம் பேசமாட்டார். ஆனால் இவள் தேநீர் கொண்டுவந்து வைத்தபோது காது நுனி வரை சிவந்து போனார். அவர் அம்மா பஹ்ரி அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். மஸ்தூராவின் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, "பாலும் ஆப்பிளும் கலந்தாப்புல இருக்கா. இவ்வளவு வெள்ளையா ஒரு மருமக நம்ம தெருவுலயே கிடையாது" என்றாள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ரொட்டித் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கல்யாணம் ஆகஸ்ட் கடைசியில், பருத்தி எடுப்பு தொடங்கும் முன்னால்.

இனி நான் எழுத வந்தது. மஸ்தூராவின் இடுப்பில், வலது பக்கம், ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. நகம் அளவுதான். சுண்ணாம்பு தெறித்த மாதிரி. தேய்த்துப் பார்த்தேன், சோப்பு போட்டேன், வினிகர் போட்டேன், போகவில்லை. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். பண்ணைக் கேன்டீனில் போன மாதம் மீன் வறுவல் போட்டார்களாம், இவள் அதன்மேல் தயிர் குடித்தாளாம். எத்தனை தடவை சொல்லி வளர்த்தேன்!

நீ தோல் டாக்டர். ஏதாவது களிம்பு அனுப்பு. ஆகஸ்டுக்குள் மறைய வேண்டும். பதிலை அஞ்சலட்டையில் எழுதாதே. தபால்காரர் தன் மனைவிக்குப் புது மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு யார் ஞாபகம் வருகிறது என்று உனக்குத் தெரியும். அந்தப் பேரை நான் எழுத மாட்டேன்.

உன் அக்கா,
ரிஸோலத்


தாஷ்கண்ட்
21 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

பார், பத்து நாளில் பதில். அத்தானிடம் தாளும் மையும் கிடைத்துவிட்டது என்று சொல். மஸ்தூராவுக்கு என் முத்தங்கள். கணக்கு வாத்தியாருக்கு இப்போதைக்கு வணக்கம் மட்டும்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வை. அவள் கண்ணைக் கட்டிவிட்டு, அந்தப் புள்ளியைப் பஞ்சு நுனியால் தொடு. பிறகு ஒரு குவளை வெந்நீர், ஒரு குவளை பச்சைத் தண்ணீர் வைத்து மாற்றி மாற்றித் தொட்டுக் கேள். தொடுவதும் சூடும் குளிர்ச்சியும் தெரிகிறது என்றால் அது தொழுநோய் இல்லை. வெறும் வெண்புள்ளி. ஊரில் பேஸ் என்று சொல்லிக் காறித் துப்புகிறார்களே, அதுதான். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் சில இடங்களில் அழிந்துபோகின்றன. உடம்பின் காவல்காரர்களே வீட்டு ஆளைத் திருடன் என்று நினைத்து அடித்து விரட்டுகிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். ஏன் அப்படி என்று எங்களுக்கும் சரியாகத் தெரியாது. அது ஒட்டாது. விரலை அழிக்காது. ஆளைக் கொல்லாது. மீனும் பாலும் ஒரு தப்பும் செய்யவில்லை, அவற்றை விட்டுவிடு.

களிம்பு அனுப்புகிறேன். தடவி, கொஞ்ச நேரம் காலை வெயிலில் காட்ட வேண்டும். சிலருக்கு நிறம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. ஆகஸ்டுக்குள் போய்விடும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அஸ்கரிடம் மஸ்தூராவே சொல்லிவிடட்டும். காது சிவக்கிற ஆள் காது கொடுத்தும் கேட்பார்.

நீ எழுதாத பேரை நான் எழுதுகிறேன். இனோபத் சித்தி. நான் பிறப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள். எனக்கு அவளைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான். வியாழக்கிழமை சாயங்காலம் எண்ணெய் காய்ச்சிவிட்டு, இறந்தவர்கள் பேரைச் சொல்லி அம்மா ஓதும்போது, ஓர் இடத்தில் நிறுத்துவாள், மூச்சு விடுவாள், அடுத்த பேருக்குப் போவாள். அந்த மூச்சுதான் என் சித்தி. அவள் அம்மாவின் தங்கை, நான் உன் தங்கை. அவளுக்கு என்ன ஆயிற்று, அக்கா? நீ பார்த்தாய் அல்லவா? எழுது.

அன்புடன்,
முனவ்வர்


வாப்கெந்த்
6 மே 1984

அன்புத் தங்கைக்கு,

களிம்பு வந்தது. வாசம் நன்றாக இல்லை, ஆனால் மருந்து என்றால் அப்படித்தானே இருக்கும்.

கண்ணைக் கட்டிப் பார்த்தேன். பஞ்சு பட்டதும் "கூசுதும்மா, என்ன வெளையாட்டு இது" என்று சிரித்தாள். வெந்நீரும் தண்ணீரும் சரியாகச் சொன்னாள். நான் சமையலறைக்குப் போய் தலைத் துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் முனவ்வர், நீ தாஷ்கண்டிலேயே இருந்து இருந்து இந்த ஊரை மறந்துவிட்டாய். இங்கே யார் பஞ்சை வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? கண்ணால் பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பஹ்ரி தன் நாத்தனார்களோடு மஸ்தூராவை ஹம்மாமுக்குக் குளிக்கக் கூட்டிப் போவாள். முதுகு தேய்த்துவிடுகிறேன் என்று தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். முழங்காலில் ஒரு தழும்பு இருந்ததற்கு என் மாமியார் மூன்று தலைமுறைக் கதை கேட்டாள். புள்ளி கண்ணில் பட்டால் இந்தக் கல்யாணம் மட்டுமா போகும்? உன் அத்தானின் தம்பி பெண்கள் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு வீட்டில் பேஸ் என்றால் அந்த வீட்டுக் கதவையே யாரும் தட்டமாட்டார்கள்.

சித்தியைப் பற்றிக் கேட்டாய். எனக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு இப்போதைய மஸ்தூரா வயதுதான் இருக்கும். முதலில் கழுத்து, பிறகு கை. கை வெளுத்ததும் அவளுக்கென்று ஒரு மரக்கிண்ணம் வந்தது. அது வீட்டுக்குள் இருக்கக்கூடாது, மல்பெரி மரத்துக் கிளையில் தொங்கும். அம்மா எட்ட நின்று அதில் கஞ்சி ஊற்றுவாள். ஒரு நாள் காலையில் அப்பா கழுதை வண்டி கட்டினார். சித்தி தன் படுக்கையைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டாள். ஆற்றுக்கு அப்பால், மணல்மேட்டில், அப்படிப்பட்டவர்கள் இருக்கிற ஊரில் விட்டுவிட்டு வந்தார். வந்ததும் வண்டியை எரித்தார். கழுதையை எரிக்கவில்லை, விற்றுவிட்டார்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. அம்மா மாதிரி நானும் வியாழக்கிழமை எண்ணெய் காய்ச்சுகிறேன். அந்தப் புகை வாசத்தில் இறந்தவர்கள் பசியாறிப் போவார்கள். மஸ்தூரா இடுப்பில் புள்ளியைப் பார்த்த வாரம் முதல், எண்ணெய் புகையும்போது என் முற்றத்து மரத்தடியில் ஒருத்தி வந்து நிற்கிறாள். பொழுது சாய்வதற்குள்ளேயே வருகிறாள், நல்ல வெளிச்சம் இருக்கிறது. சட்டைக் கை விரலுக்குக் கீழே தொங்குகிறது. நாய் அவளைப் பார்த்துக் குரைப்பதில்லை. நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கரண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

எங்கேயோ செத்திருப்பாள். நாம் பேர் சொல்லாததால் அவளால் உள்ளே வர முடியவில்லை. பேர் சொன்னால் வந்துவிடுவாள். எதைச் செய்யட்டும், டாக்டரம்மா?

உன்,
ரிஸோலத்


தாஷ்கண்ட்
9 ஜூன் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. சித்தி உயிரோடு இருக்கிறாள்.

வேலை விஷயமாகப் புகாராவுக்கு இரண்டு நாள் வந்தேன். கூட வந்தவர்கள் ஊர் சுற்றப் போனார்கள். நான் மணல்மேட்டுக்கு பஸ் ஏறினேன். இப்போது அங்கே பத்துப் பன்னிரண்டு வீடுதான் இருக்கிறது, எல்லாம் கிழடுகள். ஒருத்தி வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் வெளுத்துவிட்டது, அங்கங்கே திட்டுத் திட்டாகப் பழைய நிறம் மிச்சம். அந்த முகத்தில் புருவத்துக்குப் பச்சிலைச் சாறு தீட்டி, நடுவில் சேர்த்து, புதுப்பெண் மாதிரி வைத்திருந்தாள். அம்மாவின் மூக்கு அப்படியே இருந்தது.

"ஹோஜர் மக நான், சின்னவ" என்று அம்மா பேரைச் சொன்னேன்.

களையைக் கீழே போடாமல், "ஹோஜருக்கு ரெண்டாவதும் பொண்ணா? ஒருத்தரும் சொல்லலையே" என்றாள்.

பிறகு எனக்குத் தேநீர் ஊற்றினாள். தன் குவளையிலேயே ஊற்றிவிட்டு, நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்தேன். அதற்குப் பிறகுதான் பேசினாள். "இங்க விரல் இல்லாதவங்களும் இருந்தாங்க, என்னை மாதிரி வெள்ளை விழுந்தவங்களும் இருந்தாங்க. கொண்டுவந்து விட்டவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் கட்டிக்கிட்டவருக்கு விரல் கிடையாது. சாகுற வரைக்கும் ஊட்டிவிட்டேன். எனக்கு ஒண்ணும் ஒட்டலையே!" பையன் ஒருவன் இருக்கிறானாம், மாசு மறு இல்லாத தோல். லாரி ஓட்டுகிறான். பெண்டாட்டியிடம் அம்மா செத்துவிட்டாள் என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டானாம். அதைச் சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்தாள்.

நீ வியாழக்கிழமை பார்ப்பதைச் சொன்னேன். இருமல் வருகிற வரை சிரித்தாள். "எனக்கு முட்டிவலி. பஸ் நிக்கிற இடம் வரைக்கும் நடக்க முடியல, அங்க வந்து மரத்தடியில நிக்கப் போறேனா? இன்னுமா என்னைப் பாத்து பயப்படுறாங்க? நான் அவ்வளவு பெரிய ஆளா?"

முட்டி நன்றாக இருந்தபோது கையுறை போட்டுக்கொண்டு உங்கள் ஞாயிற்றுச் சந்தைக்கு வருவாளாம். போன வருஷம் ஒரு நாள் மஞ்சள் கேரட் வாங்கும்போது உன் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், அம்மாவின் சாயலை வைத்து அடையாளம் கண்டாளாம். "நல்லா பேரம் பேசினா. ஹோஜர் மாதிரி ஏமாளி இல்ல" என்றாள். அதில் ஒரு பெருமை இருந்தது, அக்கா.

கல்யாணத்துக்கு வரச்சொன்னேன். "ரிஸோலத் கூப்பிட்டா வருவேன். நீ கூப்பிட்டா வரமாட்டேன். நீ டாக்டரா கூப்பிடுற" என்றாள். கூப்பிடு அக்கா.

முனவ்வர்


வாப்கெந்த்
24 ஜூன் 1984

முனவ்வருக்கு,

மணல்மேட்டிலிருந்து என் வீடு அரை மணி நேர பஸ். அவ்வளவு பக்கம் வந்துவிட்டு, இந்த வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிடாமல் திரும்பிப் போயிருக்கிறாய். இதை உன் அத்தானிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு என்னைவிட அதிகமாக வலிக்கும்.

அவள் உயிரோடு இருக்கிறாள் என்று படித்து நான் சந்தோஷப்படவில்லை. பயந்தேன். எழுதிவிட்டேன், திட்டிக்கொள். அன்றிலிருந்து சந்தைக்குப் போகவில்லை, உன் அத்தானைத்தான் அனுப்புகிறேன். அவர் அழுகல் தக்காளியாகப் பார்த்து வாங்கி வருகிறார். ஒரு நாள் போனேன். போய், வயதான பொம்பிளைகளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையுறை போட்ட கை எதுவும் இல்லை. கேரட் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

அவளைக் கூப்பிட மாட்டேன். நீ என்ன நினைத்தாலும் சரி. எனக்கு ஒரு பெண், ஒரே ஒரு பெண். கல்யாணம் முடிந்து, ஒரு பிள்ளை பிறந்து, அவள் அந்த வீட்டில் வேர் பிடிக்கட்டும். பிறகு பார்க்கலாம்.

களிம்பால் ஒன்றும் ஆகவில்லை. புள்ளி இப்போது ஏப்ரிகாட் அளவு. பச்சை வால்நட் தோலை அரைத்துப் பூசிப் பார்க்கிறோம். சாயம் பிடிக்கிறது, கொஞ்சம் கருப்பு கூடிவிட்டது. எரிகிறது என்கிறாள். ஹம்மாம் நீராவியில் நிற்குமா என்று ஒவ்வொரு நாளும் வெந்நீர் ஊற்றிப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பதில் சொல். சித்தி உயிரோடு வெங்காயம் நட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால், வியாழக்கிழமை என் முற்றத்தில் வந்து நிற்பது யார்? உன் கடிதம் வந்த பிறகும் வந்தாளே!

ரிஸோலத்


வாப்கெந்த்
18 ஜூலை 1984

முனவ்வருக்கு,

வலது கையில் இரண்டு விரல் நுனியிலிருந்து வெளுத்துவிட்டது. வாய் ஓரத்திலும் வந்துவிட்டது. இனி எதைப் பூசி எங்கே மறைப்பது? இடுப்பில் வால்நட் போட்ட இடம் கொப்பளித்துப் புண்ணாகிவிட்டது.

நானே பஹ்ரி வீட்டுக்குப் போய், மஸ்தூராவுக்கு மேலே படிக்க ஆசை வந்துவிட்டது, தாஷ்கண்டுக்கு உன்னிடம் போகிறாள், இப்போது கல்யாணம் வேண்டாம் என்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பஹ்ரி என்னை வாய்க்கு வந்தபடி பேசினாள். கேட்டுக்கொண்டேன். அஸ்கர் வாசலிலேயே நின்றார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் அனுப்புகிறேன். படுக்கையும் பெட்டியும் கூட வருகிறது. ஸ்டேஷனுக்குப் போய் நில். அவளுக்கு விவரம் எதுவும் நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கடிதத்தில் அவள் பேரை எழுதாதே. சரக்கு வந்து சேர்ந்தது என்று மட்டும் எழுது.

ரிஸோலத்


தாஷ்கண்ட்
27 ஜூலை 1984

அக்கா,

சரக்கு எதுவும் வந்து சேரவில்லை. மஸ்தூரா வந்து சேர்ந்தாள். மஸ்தூரா. மூன்றாவது தடவையும் எழுதுகிறேன், மஸ்தூரா. தபால்காரரின் மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டும்.

முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான், இந்த ஜூலை வெயிலில். வந்ததும் பெட்டியைத் திறந்தாள். துணிகளுக்கு மேலே, துண்டில் சுற்றி, அவள் சின்ன வயசிலிருந்து சாப்பிடுகிற நீலக் கிண்ணம், கரண்டி, தேநீர்க் குவளை. "அம்மா சீர் குடுத்து அனுப்பியிருக்காங்க சித்தி. கிண்ணம் மட்டும்" என்று சிரித்தாள். எங்கள் வீட்டில் கிண்ணம் இல்லையா, அக்கா? அது இங்கே வேண்டும் என்று வைத்தாயா, அங்கே இருக்கக்கூடாது என்று வைத்தாயா? நீ வேண்டுமென்றே செய்திருக்க மாட்டாய். தெரியாமல் உன் கை செய்திருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். எங்களிடம் ஓர் ஊதா விளக்கு இருக்கிறது. அறையை இருட்டாக்கி அதைக் காட்டினால், கண்ணுக்கு இன்னும் தெரியாத புள்ளிகளும் பளிச்சென்று தெரியும். முதுகில், கண்ணைச் சுற்றி, பாதத்தில், நிறைய இருக்கிறது. அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். "பஹ்ரி அத்தை வெள்ளை மருமக வேணும்னாங்க. இனிமே எனக்குப் போட்டியே கிடையாது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது அடங்கும் வரை அறை விளக்கைப் போடவில்லை, இருட்டிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிகிச்சை தொடங்கிவிட்டோம். முகத்தில் திரும்ப வாய்ப்பு உண்டு. விரல் நுனியில் திரும்புவது கஷ்டம். அவளிடமும் இதை அப்படியே சொல்லிவிட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வொரு புத்தாண்டு விடுமுறையிலும், யாரும் இல்லாதபோது, அந்த ஊதா விளக்கில் என் கைகளை வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்றதும் ஒரு நிம்மதி வரும் பார், அது சித்தியை அனுப்பிவிட்ட அம்மாவின் நிம்மதி. அதனால் உன்னைத் திட்ட எனக்கு முழு உரிமை இல்லை. முக்கால் உரிமை இருக்கிறது.

தினமும் சாயங்காலம் "கடிதம் வந்துதா" என்று கேட்கிறாள். உன் கடிதத்தையா, அஸ்கர் கடிதத்தையா என்று நான் கேட்பதில்லை. அவருக்கு எழுத உட்காருகிறாள், கிழித்துப் போடுகிறாள். உனக்கு எழுத உட்காருவதே இல்லை.

முனவ்வர்


வாப்கெந்த்
11 ஆகஸ்ட் 1984

முனவ்வருக்கு,

என் மகள் மஸ்தூரா நலமா?

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கிண்ணத்தைப் பற்றி எழுதியிருந்தாய். துண்டில் சுற்றியது ஞாபகம் இருக்கிறது. எதற்காகச் சுற்றினேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நீ எழுதியதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதைப் படித்த நாள் முழுக்க நான் சாப்பிடவில்லை.

இப்போது அவசரமாக எழுதுகிறேன், ஏனென்று கடைசியில் தெரியும்.

மஸ்தூரா போன பிறகும் மரத்தடியில் நிற்கிறவள் வருவது நிற்கவில்லை. ஆனால் அவள் மாறிவிட்டாள், முனவ்வர். உயரம் குறைந்துவிட்டது. ஒரு காலில் சாய்ந்து நிற்கிறாள். மஸ்தூரா ரொட்டிக்குக் காத்திருக்கும்போது அப்படித்தான் நிற்பாள். ஒரு தாய்க்குத் தெரியாதா? அங்கே உயிரோடு, உன் வீட்டில், உன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற என் பெண், இங்கே செத்தவர்களோடு எண்ணெய் வாசத்துக்கு வந்து நிற்கிறாள். இதை நான் யாரிடம் சொல்வேன்?

நேற்று முன்தினம் வியாழக்கிழமை. எண்ணெய் அடுப்பில் காய்ந்து புகைய ஆரம்பித்துவிட்டது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. அஸ்கர் நின்றுகொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை.

"அத்தை, படிக்கிறதுக்குத்தான் போனாளா? எனக்கு ஒரு வார்த்தை எழுதக்கூடவா கை வரல?" என்று கேட்டார்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "தம்பி, அவ செத்துட்டான்னு நெனச்சுக்கோ" என்றேன்.

அவர் திரும்பி நடந்தார். நான் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது யார் வார்த்தை என்று உறைத்தது. சித்தியைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் அம்மா இதைத்தான் சொன்னாள், இதே வார்த்தை, இதே குரல். நான் அதை எப்போது சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருக்கிறது. வீட்டு ஆவிகள் எல்லாம் வாசலில் நிற்கிற நேரம். அந்த நேரத்தில் பெற்றவள் வாயால் என் பெண்ணைச் செத்தவள் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் சரி என்று கூட்டிக்கொண்டு போய்விட்டால்?

கையில் கரண்டியோடு தெருவில் ஓடினேன். செருப்பு இல்லை, தலையில் துணி இல்லை. பஞ்சுக் கிடங்கு வாசலில் அவரைப் பிடித்தேன். "இருக்கா! என் பொண்ணு உயிரோட இருக்கா! சாகல! அவளுக்குப் பேஸ், கையில, வாய்ல, எல்லாம் வந்திருக்கு. அதான் அனுப்பிட்டேன். எங்க சித்திக்கும் பேஸ், அவளும் உயிரோட இருக்கா, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா!" என்று கத்தினேன். அந்த வார்த்தையைத் தெருவில் யாரும் மெதுவாகக்கூடச் சொல்லமாட்டார்கள். நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பக்கத்து வீட்டு ஸோரா தன் பிள்ளையை இழுத்து உள்ளே போட்டுக்கொண்டாள்.

அஸ்கர் நின்றார். என் கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, "தாஷ்கண்ட்ல எந்தத் தெரு அத்தை?" என்றார்.

"எதுக்கு?"

"நேர்ல போய் கேக்கணும்."

"என்ன கேக்கப் போற?"

"அதை அவகிட்டதான் சொல்லணும்."

அவரிடம் பேனா இருந்தது, தாள் இல்லை. நான் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். வீட்டு எண் சரியா என்று பார்க்க அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, பேஸ் வீட்டுக்காரி ஒருத்தன் கையைப் பிடிப்பதை. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தால் எண்ணெய் கருகி, சமையலறைச் சுவர் ஒரு பக்கம் கருப்பு. நேற்று பஹ்ரி நிச்சயத்துக்குக் கொடுத்த துணிகளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். என் கையில் கொடுக்கவில்லை, வாசலில் வைத்துவிட்டு, கையைத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டே போனாள். உன் அத்தானின் தம்பி பெண்டாட்டி வந்து நடு முற்றத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். உன் அத்தான் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் வைத்ததைச் சாப்பிடுகிறார்.

சித்தியைக் கூப்பிட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் பொறு.

அஸ்கர் வருவாரா என்று தெரியாது. பஹ்ரி லேசுப்பட்டவள் இல்லை, காலில் விழுந்தாவது நிறுத்தப் பார்ப்பாள். வந்தாலும் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறாரோ என்னவோ. அப்படியானால் அதையும் மஸ்தூராவே கேட்டுக்கொள்ளட்டும். அவளுக்கு யாரும் முதுகுக்குப் பின்னால் முடிவு சொல்ல வேண்டாம், நான் உட்பட.

வந்தால் கதவை நீ திறக்காதே, முனவ்வர். மஸ்தூரா திறக்கட்டும். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேக வேண்டாம் என்று சொல். அம்மா சொன்னாள் என்று சொல்.

உன் அக்கா,
மஸ்தூராவின் அம்மா,
ரிஸோலத்